கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சளும் சிவப்பும்

என் தமக்கையின் மகன் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றுகின்றான். வாரத்தில் மூன்று நாள்கள் வீட்டிலிருந்தே வேலை. அவனுடைய அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, மேசைமேல் ஒரு கணினி. இவற்றைத் தவிரச் சொல்லும்படியாக எதுவும் இல்லை. அந்தக் கணினியை அவன் தன் முதல் வேலையின் முதல் ஆண்டில், ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டினான். அண்மையில் நான் அங்குச் சென்று தங்கியிருந்தபோது, இரவு உணவுக்குப்பின் சற்றுத் தயங்கிக் கேட்டான்:

"மாமா, இந்த எஸ்.எம்.பி.எஸ்.-ஐ மாற்றிவிடலாமா என்று பார்க்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

"ஏன், கெட்டுவிட்டதா?"

"இல்லை. நன்றாகத்தான் ஓடுகிறது. ஒயர்கள்தாம் பார்க்க நன்றாக இல்லை."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அச்சிரிப்புக்காகப் பின்னர் வருந்தினேன். அவ்வருத்தம் இல்லையேல் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கணினியின் உள்ளே எட்டிப் பார்த்திராத வாசகர்களுக்காக இரண்டொரு சொல். எஸ்.எம்.பி.எஸ். என்று பழுதுபார்ப்பவர் முதல் கல்லூரி ஆய்வகம் வரை எல்லாரும் அழைக்கும் அப்பொருள், செங்கல்லைவிடச் சற்றே பெரிய ஓர் இரும்புப் பெட்டி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றிக் கணினியின் ஒவ்வோர் உறுப்புக்கும் பகிர்ந்தளிப்பது அதன் கடமை. பகிர்ந்தளிக்கும் ஒயர்கள் அதன் ஒரு பக்கத்திலிருந்து கற்றையாகப் புறப்படுகின்றன. மலிவான வகையில் அக்கற்றை பெட்டியோடு ஒட்டிப் பிறந்தது. வேண்டிய ஒயரும் வேண்டாத ஒயரும் சேர்ந்தே வெளியே தொங்கும். மஞ்சள், சிவப்பு, கறுப்பு, ஆரஞ்சு எனப் பல நிறங்களில் இருக்கும். விலையுயர்ந்த வகையை மாடுலர் என்கின்றார்கள். அதில் தேவையான கற்றையை மட்டும் செருகிக்கொள்ளலாம். ஒயர்கள் அத்தனையும் ஒரே கறுப்பு. முன்பெல்லாம் கணினிப் பெட்டியின் நாற்புறமும் இரும்புத் தகடாக இருந்தமையால் உள்ளே என்ன நிறம் என்று எவரும் கவலைப்படவில்லை. கடந்த பத்தாண்டுகளில் அதன் ஒரு பக்கத்தைக் கண்ணாடியாக்கி, உள்ளே வண்ண விளக்குகளையும் வைத்துவிட்டார்கள். மனிதனுக்கும் அவ்வாறு விலாப்புறத்தில் ஒரு சாளரம் இருந்திருந்தால் நம் குடலுக்கும் சாயம் பூசிக்கொண்டிருப்போமோ என்னவோ!

புதியதன் விலை ஏழாயிரம் ரூபாய்க்கு மேல். பழையதற்கு உத்தரவாதக் காலமே இன்னும் ஈராண்டு மீதமிருந்தது. ஆசிரியத் தொழிலில் இருந்தவனுக்கு வரும் நோய் எனக்கும் உண்டு. கேட்டவுடன் உபதேசம் தொடங்கிவிட்டேன். உழைத்துக்கொண்டிருக்கும் பொருளை அழகில்லை என்று தள்ளுவது முறையன்று என்றேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு அமைதியாகச் சொன்னான்: "போன வருடம் நீங்கள் மூக்குக்கண்ணாடியின் ஃபிரேமை மாற்றினீர்களே மாமா. பழையது உடைந்தா போயிருந்தது?"

உடையவில்லை. பவரும் மாறவில்லை. ஒரு திருமணப் பந்தியில் பழைய நண்பர் ஒருவர், "என்ன, இன்னும் அந்தக் காலத்து ஃபிரேமா?" என்று கேட்டார், மறுவாரமே கடைக்குப் போனேன். அன்றிரவு படுக்கையில் புரண்டபோது என் நெறி எனக்கு ஒன்றும் அவனுக்கு ஒன்றுமாக இருப்பது விளங்கிற்று.

மறுநாள் காலையில் அவன் தன் தரப்புக்கு வேறு காரணங்களைக் கொண்டுவந்தான். புதிய எஸ்.எம்.பி.எஸ். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்றான். இயற்பியல் கற்பித்தவனிடம் இதைச் சொல்லலாமா? தாளை எடுத்தேன். பழையது வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு 85 பங்கைப் பயனாக்குகின்றது, புதியது 90 பங்கை என்று கொள்வோம். உறுப்புகள் 200 வாட் கேட்கும்போது பழையது சுவரிலிருந்து 235 வாட் இழுக்கும். புதியது 222 வாட். மிச்சம் 13 வாட். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் அந்தச் சுமையில் ஓடினாலும் ஆண்டுக்கு மிஞ்சுவது 19 யூனிட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வைத்தால் நூற்றைம்பது ரூபாய். ஏழாயிரத்தை மீட்க நாற்பத்தாறு ஆண்டுகள் ஆகும்! அடுத்து, ஒயர்கள் காற்றோட்டத்தைத் தடுக்கின்றன என்றான். விசிறியின் வாயை அடைத்துக்கொண்டு கிடந்தாலன்றி அதனால் பெரிய வேறுபாடு வருவதில்லை என்பது அவனுக்கே தெரியும். தாளைப் பார்த்து அவனே சிரித்துவிட்டான்.

ஆசை முதலில் வருகின்றது. காரணங்கள் பின்னால், கூலிக்கு அமர்த்தப்பட்ட வழக்கறிஞர்களைப் போல் வருகின்றன. ஆடம் ஸ்மித் 1759-இல் அறவுணர்வுகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு கடிகாரப் பிரியனைக் காட்டுகின்றார். நாளுக்கு இரண்டு நிமிடத்துக்குமேல் பின்தங்கும் கடிகாரம் அவனுக்கு இழிவாகத் தோன்றுகின்றது. அதை இரண்டு கினி காசுக்குத் தள்ளிவிட்டு, இரு வாரத்தில் ஒரு நிமிடத்துக்குமேல் பின்தங்காத வேறொன்றை ஐம்பது கினி கொடுத்து வாங்குகின்றான். ஆனால் அவன் மற்றவர்களைவிட நேரம் தவறாதவனாக எப்போதும் இருப்பதில்லை! நேரம் அறிவது அவன் நாட்டமன்று. நேரம் காட்டும் கருவியின் செம்மையே அவனை ஆட்கொண்டது. பயனுக்கென்று அமைந்த பொருளின் பொருத்தப்பாடு, அப்பயனைவிட மேலாக நம்மைக் கவர்ந்துவிடுகின்றது என்பது ஸ்மித்தின் கண்டுபிடிப்பு. பொருளியலின் தந்தை என்று கொண்டாடப்படுபவர் இதை எழுதினார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

ஆயினும், ஸ்மித்தின் கடிகாரப் பிரியனைப் பார்த்துச் சிரிப்பதோடு இக்கேள்வி முடிந்துவிடாது. அழகுக்காகச் செலவிடுவதே குற்றம் என்றால் நம் வாசல்களின் கோலம் என்னாவது? காலையில் இழைத்தது நண்பகலுக்குள் மிதிபட்டு அழிகின்றது. எறும்பு தின்றது போக எஞ்சுவது இல்லை. அதை வீண் என்று சொன்ன பாட்டி ஒருத்தியையும் நான் கண்டதில்லை. கணினி உலகிலேயும் சான்றுகள் உண்டு. ஸ்டீவ் ஜாப்ஸின் வளர்ப்புத் தந்தை, வேலியின் எவரும் பாராத பின்புறத்தையும் முன்புறத்தைப் போலவே செம்மையாகச் செய்யவேண்டும் என்று மகனுக்குக் கற்பித்தாராம். 2011-இல் வெளிவந்த வால்டர் ஐசக்சனின் வாழ்க்கை வரலாறு இதை விரித்துரைக்கின்றது. அம்மகன் பின்னாளில் மெக்கின்டாஷ் கணினியின் உள்ளிருக்கும் சுற்றுப்பலகை கூட ஒழுங்காகத் தோன்றவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். 1984-இல் வந்த அக்கணினியை வாங்கியவர் எளிதில் திறக்கவும் முடியாது. உள்ளே, பெட்டியின் சுவரில், அதைப் படைத்தவர்களின் கையெழுத்துகள் பதிந்திருந்தன. காணும் கண் இல்லாத இடத்தில் வைத்த அழகு அது.

1976-இல் வந்த கிரே-1 என்னும் மாபெருங்கணினியில் வேறு வகை. வளைந்த தூணாக நின்ற அதன் அடியைச் சுற்றி மெத்தையிட்ட இருக்கை ஒன்று ஓடியது. மின்வழங்கும் பெட்டிகள் அத்தனையும் அந்த இருக்கைக்குள் ஒளிந்திருந்தன. அதன் ஒயர் எதுவும் நான்கு அடியைத் தாண்டக்கூடாது என்று அதை வடிவமைத்த செய்மூர் கிரே விதித்திருந்தார். அவ்வளைவு வடிவம் கண்ணுக்கு இனிமையாக இருந்தாலும், பிறந்தது வேகத்தின் தேவையிலிருந்து.

இவற்றையெல்லாம் அவனிடம் சொன்னேன். "உன் கணினியின் அழகு இவற்றுள் எது? யார் பார்க்க?" என்று கேட்டேன்.

"நான் பார்க்கிறேனே மாமா. ஒன்பது மணி நேரம் பார்க்கிறேன்."

இதற்கு என்னிடம் விடையில்லை. நாள் முழுவதும் தனியறையில் அமர்ந்திருக்கும் ஓர் இளைஞனுக்கு, கண் ஓய்வாகத் தங்கும் இடமாக ஒரு முழம் அளவுள்ள கண்ணாடி இருக்கின்றது. அதற்குள் ஒழுங்கு வேண்டும் என்று அவன் கேட்பதை ஆடம்பரம் என்று எப்படிச் சொல்வது? கோலம் இடும் பாட்டியும் இதைத்தானே கேட்கின்றாள். ஒரே ஒரு வேறுபாடு உண்டு: கோலம் எதையும் குப்பையாக்குவதில்லை.

அந்தக் கண்ணாடிக்கு முன் அமர்ந்து, அழகற்றவை என்று அவன் சொன்ன ஒயர்களை முதன்முறையாக நானும் கூர்ந்து பார்த்தேன். ஆய்வகத்தில் காலம் கழித்தவனுக்கு அவை அழகற்றவையாகத் தோன்றவில்லை, எழுத்துகளாகத் தோன்றின. 1995-இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். நெறிமுறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் பொருள் உண்டு. மஞ்சள் 12 வோல்ட். சிவப்பு 5. ஆரஞ்சு 3.3. கறுப்பு, எல்லாம் திரும்பி வந்து சேரும் தரை. ஊதா ஒயர் கணினி அணைந்திருக்கும்போதும் விழித்திருக்கின்றது. வீட்டில் எல்லாரும் உறங்கியபின் ஒருவர் மட்டும் கதவோரம் படுத்திருப்பதைப் போல. சாம்பல் நிறம், 'மின்னழுத்தம் சீராகிவிட்டது, இனி நீ தொடங்கலாம்' என்று மதர்போர்டுக்குச் சேதி சொல்லும். நீலம் எதிர்மறை 12 வோல்ட். இன்று அதற்கு ஏறத்தாழ வேலையே இல்லை. வெள்ளை ஒன்று இருந்தது; எதிர்மறை 5 வோல்ட்டுக்கானது. பின்னாளைய நெறிமுறையிலிருந்து அது நீங்கிவிட்டது. அவ்விடம் மட்டும் இன்றும் வெறுமையாக இருக்கின்றது. இவை அலங்காரத்துக்கு வைத்த நிறங்கள் அல்ல. பெட்டியைச் செய்தவன், முகம் தெரியாத ஒரு பழுதுபார்ப்பவனுக்கு எழுதிவைத்த குறிப்புகள். எல்லாவற்றுக்கும் கறுப்பு உறை போட்டால் கற்றை அழகாகின்றது. அதே கணத்தில் ஊமையாகின்றது.

ஊமையாவதில் இடரும் உண்டு. மாடுலர் ஒயர்களின் பெட்டிப்பக்க முனைக்குப் பொது நெறிமுறை என்று ஒன்று இல்லை. ஒரு நிறுவனத்தின் கற்றை மற்றொன்றின் பெட்டியில் இடறின்றி நுழைந்துவிடும். ஆனால் உள்ளே வரிசை வேறு. 5 வோல்ட் போகவேண்டிய வழியில் 12 வோல்ட் போய், சேமித்த அனைத்தோடும் வட்டுகள் எரிந்துபோனவர்கள் பலர். பெட்டியை மட்டும் மாற்றி, பழைய ஒயர்களை அப்படியே விட்டுவைத்த சோம்பலுக்குக் கிடைத்த தண்டனை அது. நிறங்கள் இருந்திருந்தால் ஒருகால் கண் எச்சரித்திருக்கும்.

"ஆனால், மாமா, இந்த முனை ஒரு பக்கமாகத்தான் நுழையும். சரியான கற்றையைச் செருகுகிறவனுக்கு நிறம் எதற்கு?" என்றான் அவன். உண்மைதான். மூன்றாண்டுகளில் அந்நிறங்களை அவன் ஒருமுறையும் படிக்க நேரவில்லை. என் வாதம் என் தொழிலின் பாசத்தால் சற்று மிகைப்பட்டிருந்தது என்பதை ஒப்புக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மாலை தேநீர்க் கடையில் நின்றபோதுதான் உண்மையான காரணம் வெளிவந்தது. வீடியோவில் பேசும்போது அவனுடைய நண்பர்கள் தத்தம் கணினிகளைக் காட்டிக்கொள்வார்களாம். "எல்லாருடையதும் கறுப்பு ஒயர். மஞ்சளும் சிவப்பும் தெரிந்தால், இருப்பதிலேயே மலிவானதை வாங்கியிருக்கிறான் என்று உடனே தெரிந்துவிடும், மாமா. அந்த வருடம் அதற்குமேல் கையில் இல்லை. அக்கா கல்யாணக் கடன் ஓடிக்கொண்டிருந்ததே."

அக்கடனை நான் அறிவேன். அதில் ஒரு பகுதி என்னால் வந்தது. தாய்மாமன் சீராக நான் தருவதாகச் சொன்ன தொகையை உரிய காலத்தில் தர இயலவில்லை; பின்பு பகுதி பகுதியாகத் தந்தேன். இடைப்பட்ட ஓராண்டு வட்டியை இந்தப் பையன் தன் முதற் சம்பளத்திலிருந்து கட்டினான். அவன் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லவேண்டும் என்ற நினைப்பும் அவனுக்கு இல்லை. முதல் நாள் இரவு நான் சிரித்தது எதைப் பார்த்து என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆக, அவனை உறுத்தியது நிறமன்று. 1995-க்குப் பின் பல ஆண்டுகள் உலகின் மேசைக்கணினிகள் பெரும்பாலானவற்றில் இதே மஞ்சளும் சிவப்புமே ஓடின. அவற்றை அருவருப்பானவை என்று ஒருவரும் சொல்லவில்லை. மாடுலர் வந்து, விலையில் மேல் கீழ் வந்து, கண்ணாடியும் வந்தபின்னரே அந்நிறங்களுக்கு 'ஏழை' என்ற பொருள் ஏறிற்று. ஒயர் அப்படியேதான் இருக்கின்றது. அதைப் படிக்கும் அகராதிதான் மாறிவிட்டது. நண்பரின் ஒரு சொல்லுக்குப்பின் என் பழைய ஃபிரேம் எனக்கே கிழடாகத் தெரிந்ததும் இவ்வாறே.

இங்கே நான் நெடுநேரம் தடுமாறினேன். வறுமையின் தடயத்தை ஒருவன் தன் வாழ்நாளெல்லாம் கண்முன் வைத்திருக்கவேண்டும் என்று எந்த அறநூலும் கட்டளையிடவில்லை. ஒட்டுப்போட்ட சட்டையைக் கழற்றி எறியும் உரிமை, அதை அணிந்து நடந்தவனுக்கே எல்லாரினும் முதலில் உண்டு. மறுபுறம், அவன் எதற்காக நாணுகின்றான்? கடனை அடைத்துக்கொண்டே ஒரு கருவியைச் சேர்த்தான் என்பதற்கா? அப்பெட்டியை மாற்றினால், மஞ்சளும் சிவப்பும் இழிவு என்ற அகராதிக்கு அவனும் கையொப்பமிட்டதாகும். இரண்டாவது எண்ணமே எனக்குச் சரியாகப் பட்டது. ஆனால் அதை அவனிடம் சொல்லும் தகுதி, உலகிலுள்ள எல்லாரிலும் எனக்கே குறைவு.

வேறோர் அச்சமும் இருந்தது. திதெரோ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1769-ஆம் ஆண்டளவில், தம் பழைய வீட்டங்கியைப் பிரிந்த துயரத்தை ஒரு சிறு கட்டுரையாக எழுதினார். புதிய செந்நிற அங்கி வந்தது. அதற்குப் பக்கத்தில் வைக்கோல் நாற்காலி பொருந்தவில்லை, தோல் நாற்காலி வந்தது. பழைய மேசை போய் விலையுயர்ந்த மேசை வந்தது. பழைய அங்கிக்கு அவர் எசமானராக இருந்தார், புதியதற்கு அடிமையானார். பொருள்கள் ஒன்றையொன்று அழைக்கும் இவ்வியல்புக்குக் கிராண்ட் மெக்கிராக்கன் என்ற மானிடவியலார் 1988-இல் திதெரோவின் பெயரையே சூட்டினார். ஒயர் கறுப்பானால், விசிறியின் பழுப்பு தெரியும். விசிறி மாறினால், மேசையின் சிராய்ப்பு தெரியும். இதைச் சொன்னபோது அவன், "விசிறியை ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறேன்" என்றான்!

"நான் வாங்கித் தருகிறேன்" என்றேன் அன்றிரவு. அவன் சற்றுநேரம் பேசவில்லை. "வேண்டாம் மாமா. அதற்காகச் சொல்லவில்லை." நான் வற்புறுத்தவில்லை. கொடுக்கவேண்டிய நேரத்தில் கொடாத கை, காலங்கடந்து நீளும்போது அது ஈகையா, மனச்சான்றை வாயடைக்கும் கையூட்டா என்பது நீட்டியவனுக்கே தெளிவாகத் தெரிவதில்லை.

மாற்றுவதானால் பழையதை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. "யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்றான். இவ்வொரு சொல்லால் நாம் எத்தனை பொருள்களை மனச்சுமையின்றி வீட்டைவிட்டு வெளியேற்றிவிடுகின்றோம்! அந்த 'யாராவது' பெரும்பாலும் காயலான் கடைக்காரர்தாம். 2022-இல் உலகம் கழித்துத் தள்ளிய மின்னணுக் குப்பை 62 மில்லியன் டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகின்றது. முறைப்படி சேராதவற்றின் ஒயர்களைத் திறந்தவெளியில் எரித்துச் செம்பை எடுக்கின்றார்கள். எரியும் உறையிலிருந்து வரும் நச்சுப்புகையை மூச்சில் வாங்குபவர்கள் அவற்றை எரிப்பவர்களும் அவர்தம் பிள்ளைகளும். நம் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலிருக்கும் விதிகள், உற்பத்தியாளரே மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்கவேண்டும் என்கின்றன. விதி இருக்கின்றது, தெருமுனைத் தள்ளுவண்டியும் இருக்கின்றது.

எனவே நான் ஒன்று மட்டும் கேட்டேன்: பெறுபவரை முதலில் தேடு, பிறகு வாங்கு. அவன் அதை நேர்மையாகவே செய்தான். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஒரு கணினி மின்வழங்கி பழுதாகிப் பல வாரமாக முடங்கிக் கிடந்தது. கடை நடத்தும் அம்மையாரிடம் பேசி, பெட்டியைக் கழற்றிப் பார்த்தான். அது ஒரு பெரிய நிறுவனத்தின் ஆயத்தக் கணினி, அதன் முனை பொதுநெறிமுறைக்கு ஒத்ததாக இல்லை, அளவும் சிறியது. பொருந்தவில்லை. அடுத்த இரண்டு நாள்களில் நண்பர்களைக் கேட்டான். வேண்டுவோர் ஒருவரும் அகப்படவில்லை.

சனிக்கிழமை பிற்பகல், முப்பது ரூபாய்க்கு ஒரு கட்டு கேபிள் டை வாங்கி வந்தான். இருவரும் தரையில் உட்கார்ந்து கணினியின் பின்தகட்டைக் கழற்றினோம். வேண்டாத கற்றைகளைச் சுருட்டி அடித்தட்டின் மூலையில் செருகினோம். மற்றவற்றை மதர்போர்டின் பின்புறமாகக் கொண்டுபோய், துளை வழியாக முன்னே எடுத்து, ஒன்றோடொன்று பின்னாமல் வரிசையாக்கிக் கட்டினோம். மூன்று மணி நேரம் ஆயிற்று. என் முழங்கால் வலி தனிக்கதை. முடித்தபின் கண்ணாடியைப் பூட்டி விளக்கைப் போட்டான். முன்பிருந்த குழப்பம் இல்லை. மதர்போர்டின் ஓரத்தில், பெரிய முனைக்கு மேலே, நான்கு விரற்கடை மட்டும் எல்லா நிறங்களும் இழையிழையாக வரிசையில் நின்றன. அதை மறைக்க வழியில்லை.

"மூன்று மாதம் இப்படியே இருக்கட்டும் மாமா. பிறகும் தோன்றினால் வாங்கிக்கொள்கிறேன்" என்றான். அதில் நான் தலையிடவில்லை. விசிறிக்கு மட்டும் அன்றே பணம் கட்டிவிட்டான் என்று பின்னர் அறிந்தேன்.

ஊருக்குத் திரும்பிய மறுவாரம் தொலைபேசியில் அழைத்தான். ஜெராக்ஸ் கடை அம்மையார் வேறிடத்தில் பழைய எஸ்.எம்.பி.எஸ். ஒன்று வாங்கிவந்திருக்கின்றாராம்; பொருத்துமுன் அது உயிரோடிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி இவனிடம் கொடுத்திருக்கின்றார். அதன் முனையில் நிறைய நிறங்கள் தெரிகின்றன என்றான்.

"அந்தப் பச்சை ஒயர் எதற்கு மாமா? நீங்கள் அன்று சொல்லவில்லையே."

"அதுதான் எழுப்புகிற ஒயர். ஒரு கம்பிக் கிளிப்பை நிமிர்த்தி, பச்சையையும் பக்கத்துக் கறுப்பையும் இணை. பெட்டிக்கு உயிர் இருந்தால் விசிறி சுற்றும். முதலில் இணைத்துக்கொள், பிறகு சுவிட்சைப் போடு. பெட்டியைமட்டும் திறந்துவிடாதே, உள்ளே மின்தேக்கியில் நானூறு வோல்ட் அளவுக்குத் தங்கியிருக்கும்."

சற்றுநேரம் ஒலியில்லை. பின்பு அவன் குரல் வந்தது: "சுற்றுது மாமா."